செல்லின் வாயிலில் மாவிலை

நுழையும்முன்

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட வறண்ட நிலங்களில் ஆவாரை மஞ்சளாய்ப் பூத்து நிற்கும். 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ?' என்பது பழமொழி. அப்பூவைக் காய்ச்சிக் குடித்தால் நீரிழிவு தணியும் என்பர் ஊர்ப் பெரியோர். இத்தகைய நம்பிக்கையை அறிவியல் எவ்வாறு சோதிக்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வொன்று 2002ஆம் ஆண்டு வெளியானது. நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு ஆவாரம்பூச் சாற்றைக் கொடுத்தபோது, அவற்றின் குருதிச் சர்க்கரை குறைந்ததை அது காட்டியது. ஆயினும், குறைந்த சர்க்கரை எங்கே சென்றது என்னும் வினா எழுகிறது. அதற்கு விடை காணச் செல்லுக்குள் நோக்க வேண்டும்.

சர்க்கரை நுழையும் வழி

உண்ட உணவிலுள்ள மாவுப்பொருள் குளுக்கோஸாக மாறிக் குருதியில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின், கொழுப்புச் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் பொருந்துகிறது. அச்செய்தி புரதம் விட்டுப் புரதமாகச் செல்லுக்குள் பரவுகிறது. அங்கு நுண்பைகளில் அடங்கியிருக்கும் 'குளுட்-4' என்னும் கடத்திப் புரதம் செல்சவ்வை வந்தடைகிறது. குளுக்கோஸ் உள்ளே நுழைகிறது. தசைச் செல்களிலும் இவ்வாறே நிகழும். இன்சுலின் இருந்தும் அதன் செய்தியைச் செல் உரியவாறு ஏற்காத நிலையை 'இன்சுலின் எதிர்ப்பு' என்பர். இரண்டாம் வகை நீரிழிவின் முதன்மைக் காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஆய்வுத்தட்டில் நிகழ்வது

சுண்டெலிக் கருவிலிருந்து பெறப்பட்ட '3டி3-எல்1' செல்களைத் தட்டில் வளர்த்துக் கொழுப்புச் செல்களாக முதிரச் செய்வர். சிலவற்றில் தாவரச் சாற்றை இடுவர், சிலவற்றில் இடமாட்டார். பின்னர், அடையாளமிட்ட குளுக்கோஸ் எதில் எவ்வளவு நுழைந்தது என அளந்து ஒப்பிடுவர்.

சென்னை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எத்தில் அசிட்டேட் என்னும் கரைப்பானால் பிரித்த மாவிலைச் சாற்றிலிருந்து 'டாராக்ஸரால்' என்னும் சேர்மத்தைத் தனித்தெடுத்தனர். அது குளுட்-4 புரதத்தைச் செல்சவ்வுக்கு வரச்செய்ததையும், நுழைந்த குளுக்கோஸ் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படத் துணைநின்றதையும் 2010இல் வெளியிட்டனர். விழாநாளில் நம் நிலைவாசலில் தோரணமாகும் அதே இலைதான் இது.

தட்டு வேறு, உடல் வேறு

இதைக் கொண்டு மாவிலைக் கஷாயம் நீரிழிவைத் தீர்க்கும் என முடிவு செய்யலாமா? கூடாது. தட்டில் சேர்மம் செல்லின்மீது நேரே படுகிறது. குடிக்கும் கஷாயமோ குடலையும் கல்லீரலையும் கடந்தாக வேண்டும். மேலும், நீரில் காய்ச்சும்போது இறங்கும் பொருள்களும் கரைப்பானில் பிரியும் பொருள்களும் ஒன்றல்ல.

ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் கலேகா என்னும் செடி வழங்கிவந்தது. சர்க்கரையைக் குறைக்கும் அதன் சேர்மம் நச்சுத்தன்மையும் உடையது. அதனோடு வேதியமைப்பில் உறவுடைய மெட்ஃபார்மின் 1922இல் உருவாக்கப்பட்டது. பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதை நீரிழிவு நோயாளிகளுக்கு அளித்துக் கண்ட பயனை 1957இல்தான் வெளியிட்டார். இடையில் 35 ஆண்டுகள் கழிந்தன.

எனவே, மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயத்தை மட்டும் நம்புவது உயிருக்கே இடராகலாம். இரண்டையும் சேர்த்து உட்கொண்டால் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையவும் கூடும். கஷாயம் அருந்துவோர் அதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுதல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நீரிழிவுக்குப் பயன்படுத்தும் மூலிகைகளைப் பெரியோரிடம் கேட்டுப் பட்டியலிடுக.
2. அவற்றுள் ஒன்றைச் சோதிக்க நீங்கள் எழுப்பும் மூன்று வினாக்களை எழுதுக.