வெப்பத்தால் அச்சிடும் யந்திரம்

பெங்களூரை அடுத்த பொம்மசந்திராவில் பயோகான் முதலிய மருந்துத் தொழிலகங்கள் உள்ளன. இன்சுலின் போன்ற மருந்துகள் 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு குளிரில் வைக்கப்பட வேண்டியவை. வெளியே எடுத்ததும் புட்டியின்மேல் நீர் துளிர்க்கும். அவ்வீரத்தில் சீட்டிலுள்ள காலாவதித் தேதி அழியுமாயின், மருந்து கையிலிருந்தும் பயன்படுத்த இயலாது. எனவே அச்சிடும் முறையை அறிந்து தேர்தல் வேண்டும்.

கடை ரசீதுகள் பெரும்பாலும் சூடுபட்டால் கறுக்கும் காகிதத்தில் அச்சிடப்படுவன. சூடான டம்ளரை அதன்மேல் வைத்து ஆசிரியர்கள் இதனை மாணாக்கருக்குக் காட்டலாம். செலவு குறைவு, ஆயினும் வெயிலில் எழுத்து மங்கிவிடும்.

வெப்பப் பெயர்ச்சி முறையில் கறுப்பது காகிதமன்று. நாடாவிலுள்ள மையே சீட்டுக்கு மாறுகிறது. மெல்லிய பாலியெஸ்டர் நாடாவின் ஒரு புறத்தில் மெழுகு அல்லது பிசின் கலந்த மை பூசப்பட்டிருக்கும். அச்சுத்தலையில் மில்லிமீட்டருக்கு 8 அல்லது 12 நுண்ணிய சூடேற்றிகள் வரிசையாக அமைந்துள்ளன. மின்சாரம் பெற்ற புள்ளி மட்டும் கணத்தில் சூடேறி, மையை உருக்கிச் சீட்டில் பதிக்கிறது.

வாங்குவோர் யந்திரத்தின் விலைக்கு முன் நாடாவைக் கவனிக்க வேண்டும். காகிதச் சீட்டுக்கு மெழுகு நாடா போதும். ஈரமும் ஸ்பிரிட்டும் படும் பிளாஸ்டிக் சீட்டுக்குப் பிசின் நாடாவே ஏற்றது. அதற்கு மிகுந்த வெப்பம் தேவையாதலால் வேகம் சற்றுக் குறையும். நாடா சீட்டைவிடச் சிறிது அகலமாயிருப்பின் அச்சுத்தலை விரைவில் தேயாது. பொடி எழுத்துக்கு 12 புள்ளித் தலை நன்று. தலை தேயும் உறுப்பே. மாற்றுத்தலையின் விலையையும் கேட்டறிக. மாதிரிச் சீட்டொன்றைப் புட்டியில் ஒட்டி, ஓரிரவு குளிரில் வைத்து, ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தபின் வாங்கலாம்.

பயன்படுத்திய நாடாவில் அச்சிட்டவை யாவும் வெற்றெழுத்தாய்த் தெரியும். நோயாளிகளின் பெயர் அச்சிட்ட நாடாவை அப்படியே குப்பையில் எறிதல் கூடாது.