தொழிலாளர் நஷ்டஈடு

கீழக்குயில்குடித் தாமரைக்குளத்தின் கரையில் நின்று சமணர் மலையை நோக்குவோர், செட்டிப்புடவில் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கிய கைகளை வியவாதிரார். அக்கைகளுக்கு ஊறு நேர்ந்திருப்பின், அவர்தம் மனைவி மக்களுக்குச் சோறிடும் கடன் யாருடையது? இன்றும் மதுரையைச் சூழ்ந்த ஊர்களில் கல்லுடைத்து வாழ்வோர் பலராதலின், இவ்வினாவிற்குச் சட்டம் பகரும் விடையை ஈண்டு ஆராய்வோம்.

முற்காலத்தில், விபத்து முதலாளியின் பிழையால் நேர்ந்ததென நீதிமன்றத்தில் நிலைநாட்டினாலன்றித் தொழிலாளிக்கு ஈடு கிட்டுவது அரிது. ஜெர்மனி 1884-லும் இங்கிலாந்து 1897-லும் சட்டமியற்றி இந்நிலையை மாற்றின. நம் நாட்டில் 1923-ல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் பிறந்தது. அது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடங்கி, 2025 நவம்பர் 21 முதல் அத்தொகுப்பே நடைபெறுகின்றது. வேலையின் நிமித்தமாக, வேலையின்போது விபத்து நேர்ந்ததா என்பதே முதல் வினா. பிழை யாருடையது என்பதன்று.

தொகையைக் கணிக்கும் முறை எளிது. மரணமெனின் மாதக்கூலியிற் பாதியையும், நிரந்தர முழு ஊனமெனின் நூற்றுக்கு 60 பங்கையும், வயதிற்குரிய எண்ணாற் பெருக்குக. முப்பது வயதிற்கு அவ்வெண் 207.98. மாதம் 10,000 ரூபாய் பெற்ற முப்பது வயதினன் இறப்பின், 5,000-ஐ அதனாற் பெருக்க, 10,39,900 ரூபாய் ஆகும். இளையோன் இழந்த உழைப்புக்காலம் மிகுதியாதலின், அவனுக்குரிய எண்ணும் பெரிது.

இத்துணைத் தொகையைச் சிறு முதலாளி ஒருங்கே கொடுத்தல் எங்ஙனம்? இதற்கே இன்ஷூரன்ஸ். கூலித்தொகைக்கும் தொழிலின் அபாயத்திற்கும் தக்க பிரீமியத்தை அவர் ஆண்டுதோறும் செலுத்தின், கம்பெனியார் அப்பாரத்தை ஏற்பர். இன்ஷூரன்ஸ் செய்யாமை அவரை விடுவியாது. தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்திற் சேர்ந்தோர்க்கோ அக்கழகமே உதவும். அதற்கு முதலாளி கூலியில் நூற்றுக்கு 3.25-உம், தொழிலாளி 0.75-உம் செலுத்துமாறு 2019-ல் விதிக்கப்பட்டது.

நிற்க. யாவரும் உணரவேண்டுவது ஒன்றுண்டு. கலங்கி நிற்கும் விதவையின் கையிற் சில ஆயிரம் ரூபாயைக் கொடுத்துப் பத்திரத்திற் பெருவிரல் ரேகை பெற்றால் கடன் தீர்ந்ததெனச் சிலர் எண்ணுவர். தீராது. இறந்தோர்க்குரிய ஈட்டை அதற்குரிய அதிகாரியிடம் கட்டினாலன்றிச் சட்டப்படி கொடுத்ததாகாது. உரிமையைத் துறப்பதாக எழுதிய ஒப்பந்தமும் செல்லாது.

புது வீடு கட்டுவோன், எவரும் விழாதிருக்க, மாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டுமென உபாகமம் விதிக்கின்றது. விழுந்தார்க்கு ஈடு செய்தலும் அந்நீதியின் தொடர்ச்சியேயாம். அது தருமமன்று, கடன். எழுத்தறிந்த நாம், அப்பத்திரத்தில் விரல் பதியுமுன் இதனை எடுத்துரைத்து, ஒரு விண்ணப்பமேனும் எழுதிக் கொடுப்போமாக.