நம் கட்டுரைகள் கூகுளுக்குத் தெரியாமல் போனது ஏன்?

சென்ற கோடையில் நாக்பூரிலிருந்து ஓர் அம்மையார் நம் சங்கத்திற்குத் தொலைபேசியில் பேசினார். காலஞ்சென்ற அவருடைய தந்தையார் நம் பொங்கல் மலர்களில் எழுதியவர். பேரனுக்குக் காட்டுவதற்காகத் தந்தையார் பெயரையும் கட்டுரைத் தலைப்பையும் கூகுளில் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. "பழைய மலரையெல்லாம் தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். கட்டுரையோ ஓராண்டாக நம் வலைத்தளத்தில் இருக்கிறது! நமக்குத் தெரிகிறது, கூகுளுக்குத் தெரியவில்லை. காரணத்தைப் பார்ப்போம். வீட்டில் கணிப்பொறி படிக்கும் பிள்ளைகள் இருந்தால் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நம் தளத்தை அமைத்தவர்களும் அத்தகைய பிள்ளைகளே.

பழைய முறை வலைத்தளம் கட்டிக் கொடுத்த சாப்பாடு போன்றது. கேட்ட பக்கத்தை சர்வர் முழுமையான ஹெச்டிஎம்எல் ஆக அனுப்பிவிடும். 'ஒற்றைப் பக்கத் தளம்' என்னும் புதுமுறையில் வருவது காலிப் பாத்திரமும் மளிகைச் சாமானும் சமையல் குறிப்பும்தான். அந்தக் குறிப்பே ஜாவாஸ்கிரிப்ட். நம் கைபேசியிலுள்ள பிரௌசர் அதைப் படித்து அங்கேயே சமைத்துப் பரிமாறுகிறது. ரியாக்ட், ஆங்குலர், வ்யூ எல்லாம் இதற்கான கருவிகள்.

தேடுபொறிகள், தளங்களைப் படித்துவர க்ராலர் என்னும் நிரல்களை அனுப்புகின்றன. அவற்றுள் பல சமைக்கத் தெரியாதவை. காலிப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். கூகுளின் க்ராலர் அப்படியல்ல. புதிய க்ரோம் பிரௌசரோடு அதுவும் புதுப்பிக்கப்படும் என்று 2019 மே மாதம் கூகுள் அறிவித்தது. சமையலுக்கு வரிசையில் காத்திருக்க வேண்டும், அவ்வளவே.

அப்படியானால் கட்டுரை ஏன் அகப்படவில்லை? நம் தளத்தில் தலைப்புகள் எல்லாம் பொத்தான்களாக இருந்தன. மனிதர் விரலால் தொட்டால் கட்டுரை விரியும். க்ராலர் எதையும் தொட்டு அழுத்தாது. 'ஏ' என்னும் குறியில் 'ஹெச்ரெஃப்' என்று முகவரி எழுதியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கம் போகும். போதாக்குறைக்கு, நம் கட்டுரை முகவரிகளெல்லாம் # குறிக்குப் பின்னால் இருந்தன. அக்குறிக்குப் பின் வருவதைக் கூகுள் தனிப் பக்கமாகக் கொள்வதில்லை. ஆக, அத்தனை கட்டுரைகளும் அதன் கணக்கில் ஒரே முகப்புப் பக்கம்! (#! என்று எழுதும் உபாயம் ஒன்றை 2009இல் கூகுளே சொன்னது, 2015இல் கைவிட்டது. பழைய புத்தகத்தில் பார்த்துவிட்டு யாரும் அதைச் செய்ய வேண்டாம்.)

எனவே ஒவ்வொரு கட்டுரைக்கும் # இல்லாத தனி முகவரி வேண்டும். பொத்தானுக்குப் பதில் உண்மையான இணைப்பு வேண்டும். பிரௌசரின் ஹிஸ்டரி ஏபிஐ கொண்டு ஒற்றைப் பக்கத் தளத்திலேயே இதைச் செய்யலாம். இல்லாத பக்கத்தைக் கேட்டால் சர்வர் 200 என்று தலையாட்டாமல் 404 என்று சொல்ல வேண்டும்.

கூகுளுக்கு இது போதும். வாட்ஸப்புக்குப் போதாது. முகவரியை அனுப்பும்போது கூடவே தெரியும் தலைப்பையும் படத்தையும் எடுக்க அது ஜாவாஸ்கிரிப்டை இயக்குவதில்லை. எந்தக் கட்டுரையை அனுப்பினாலும் சங்கத்தின் பெயரே வந்தது. நாள்தோறும் மாறும் தளமானால், கேட்கும்போதெல்லாம் சர்வரே சமைத்துத் தர வேண்டும். நம் மலர்கள் மாறப்போவதில்லை. ஒருமுறை முழு ஹெச்டிஎம்எல் கோப்புகளாக்கி வைத்தால் தீர்ந்தது, செலவும் குறைவு. க்ராலருக்கு மட்டும் தனிப்பந்தி போடும் முறையும் உண்டு. அது தற்காலிக ஏற்பாடுதான் என்று கூகுளே சொல்கிறது. எனக்கும் அதில் விருப்பமில்லை.

சோதிப்பது எளிது. கட்டுரைப் பக்கத்தைக் கணிப்பொறியில் திறந்து கன்ட்ரோல், யு இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். சர்வர் அனுப்பிய மூலம் தெரியும். கட்டுரையின் ஒரு வரியை அதில் தேடுங்கள். இல்லையென்றால் வந்திருப்பது மளிகைதான். 'இன்ஸ்பெக்ட்' என்பதை அழுத்திப் பார்த்து ஏமாற வேண்டாம். அது சமைத்த பிறகு உள்ள நிலையைக் காட்டும். கூகுள் என்ன பார்த்தது என்பதை அதன் சர்ச் கன்சோலில் பார்க்கலாம்.

அந்தத் தந்தையாரின் கட்டுரையைத்தான் முதலில் மாற்றினோம். ஒன்றரை மாதம் கழித்து நாக்பூரிலிருந்து மறுபடி தொலைபேசி. "அப்பா வந்துட்டார்" என்றார் அம்மையார்.

இன்னும் தளம் ஏறாத மலர்கள் பழைய எழுத்துருவில் கிடக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றிப் பிழை திருத்த ஆள் வேண்டும். இயன்றவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க நூலகத்துக்கு வாருங்கள்.