கடன் மிகுந்த கம்பனியின் பங்கும் கையேற்றலும்

விலை வீழ்ந்த பங்கெல்லாம் மலிவான பங்கு அன்று. கணக்கீட்டுச் சமன்பாட்டை நினைவிற் கொள்ளுங்கள்.

உரிமையாண்மை = சொத்துக்கள் − பொறுப்புகள்

உதாரணம்: ஐக்கிய அமெரிக்காவின் பெயார் ஸ்டேர்ன்ஸ் முதலீட்டு வங்கி (2007 நவம்பர் இறுதியில், பில்லியன் டொலர், ஏறத்தாழ)

சொத்துக்கள் 395
பொறுப்புகள் 383
உரிமையாண்மை 12

இங்கு சொத்துக்களின் பெறுமதி ஏறத்தாழ 3% குறைந்தாலே உரிமையாண்மை முழுவதும் அழிந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். கடன்கொடுத்தோர் பணத்தை மீளப்பெற விரைந்தமையால், 2008 மார்ச் 14 இல் பங்கின் விலை 57 டொலரிலிருந்து 30 டொலராக வீழ்ந்தது. இரு நாட்களின் பின் இவ்வங்கியைக் கையேற்க முன்வந்த ஜே. பி. மோர்கன் சேஸ், பங்கொன்றுக்கு வழங்க இணங்கிய விலை 2 டொலர் மட்டுமே. பின்னர் அது 10 டொலராக உயர்த்தப்பட்டது. எனவே, “மலிவு” என எண்ணி 30 டொலர் வீதம் 100 பங்குகளை வாங்கியவரின் 3,000 டொலர், ஏறத்தாழ 1,000 டொலராயிற்று.

நினைவிற் கொள்ள வேண்டியவை:

1. இலாபம் இல்லாவிடினும் கடன் வட்டி செலுத்தப்படல் வேண்டும், பங்கிலாபம் அவ்வாறன்று.
2. கம்பனி கலைக்கப்படின் கடன்கொடுத்தோருக்குச் செலுத்திய பின் எஞ்சுவதே சாதாரண பங்குதாரருக்கு உரியது.
3. கையேற்கும் விலை சந்தை விலையிலும் குறைவாக அமையலாம்.
4. வரையறுத்த பொறுப்பு உங்கள் சொந்தச் சொத்தைப் பாதுகாக்கும். பங்கில் இட்ட பணத்தைப் பாதுகாக்காது.

பயிற்சி: சொத்துக்கள் ரூ. 500,000, பொறுப்புகள் ரூ. 450,000. சொத்துக்களின் பெறுமதி 10% குறைந்தால் பங்குதாரருக்கு எஞ்சுவது யாது? (விடை: பூச்சியம்)