பெட்டி தூக்கப் போற தங்கச்சிக்கு

"அக்கா, வேலையை விட்டாச்சு. இனி தனியா கன்சல்டிங்தான். எந்த டிராலி வாங்கலாம்?" என்று கேட்டு மூன்று படம் அனுப்பியிருந்தாய். மூன்றுமே வேண்டாம். சக்கரம் வைத்த பெட்டி ஏர்போர்ட் தரைக்கு அழகு. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிற ஒரு புகைக்கூடத்துக்கு மழை நாளில் அதை இழுத்துக்கொண்டு போய்ப் பார், தெரியும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. முதுகில் ஒரு பை, தோளில் ஒரு பை. அதில் அடங்காதது எதுவும் உனக்குத் தேவையில்லை.

பதினெட்டு வருஷமாக நாகர்கோவிலில் இருந்துகொண்டு ஊர் ஊராய்ப் போய், அடுத்தவர் தொழிலில் எங்கே ஓட்டை என்று பார்த்துச் சொல்கிறேன். அம்மைக்கு இன்றுவரை இது விளங்கவில்லை. "அவன் கம்பெனிக்கு நீ போயி புத்தி சொன்னா அவன் துட்டு தருவானா?" என்பாள். தருவான். எப்போது தருவான் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் மீதி டிப்ஸில் பாதி உனக்கே தோன்றிவிடும்.

மார்த்தாண்டத்துக்கு மேற்கே ஒரு அண்டி ஆப்பீஸ், அதாவது முந்திரி ஆலை. முழுப்பருப்பு குறைகிறது, உடைசல் கூடுகிறது, காரணம் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று முதலாளி கூப்பிட்டார். முந்திரியில் முழுசுக்கும் பிளவுக்கும் விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். 320 நம்பர் பருப்பு என்றால் ஒரு ராத்தலுக்கு 300 முதல் 320 முழுப்பருப்பு நிற்கும்; 180 என்றால் பருப்பு பெருசு, விலையும் பெருசு. உடைந்துவிட்டால் இந்த நம்பர் எதுவும் கிடையாது. நான் மூன்று நாள் முதலாளி அறையில் உட்கார்ந்து ரிஜிஸ்டரைப் புரட்டி, நாற்பத்திரண்டு ஸ்லைடு போட்டேன். கிலோ கணக்கில் கூலி கொடுப்பதால் பெண்கள் அவசரப்படுகிறார்கள், அதனால் உடைகிறது என்பது என் கண்டுபிடிப்பு. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும்.

நாலாம் நாள் மத்தியானம், சோற்றுப் பொதியை எடுத்துக்கொண்டு, தொலி உரிக்கிற பீலிங் பகுதியில் போய் உட்கார்ந்தேன். சும்மாதான். எதிரில் இருந்த ஒரு வயசான அக்கா என் பொதியில் இருந்த அவியலை ருசி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "போர்மாவில இருந்து எறக்கின சூட்டோட கொண்டு தட்டினா உடையாம பின்ன என்ன மக்களே செய்யும்? முன்ன ஒரு ராத்திரி ஆறப் போடுவோம். இப்போ லோடு அவசரம்னு அப்படியே கொண்டு தாராவ." அவ்வளவுதான். போர்மா என்றால் பருப்பை உலர்த்துகிற அடுப்பறை. அங்கே ஈரம் வற்றிய பருப்பு அப்பளம் மாதிரி நொறுங்கும்; ஆறி, காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் வாங்கிய பிறகுதான் தொலி உரிக்கத் தாங்கும். இது புத்தகத்திலும் இருக்கிறது. நான் படித்த புத்தகத்தில் இல்லை.

ஒரு வாரத்துக்கு, பழையபடி ராத்திரி ஆறப் போட்டுப் பார்த்தார்கள். உடைசல் குறைந்தது. இதுவரை நல்ல கதை. முதலாளியும் அவர் மகன்களும் இருந்த கூட்டத்தில் நான் இதை என் கண்டுபிடிப்பு மாதிரியே சொன்னேன். கை தட்டினார்கள். அடுத்த மாசம் போனபோது பீலிங் பகுதியில் ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த அக்கா மட்டும், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் வலிக்கிறது. அதன் பிறகு அந்த ஆப்பீஸில் எனக்கு ஒரு உண்மைகூடக் கிடைக்கவில்லை.

அதனால் எழுதி வைத்துக்கொள்: யார் சொன்னாரோ அவர் பேரை ரிப்போர்ட்டில் முதல் பக்கத்தில் போடு. போடுமுன் அவரிடமே கேள். சிலபேர் வேண்டாம் என்பார்கள், அவர்களுக்கு மேஸ்திரி பயம் இருக்கும். அப்போது "பீலிங் பகுதியினர் சொன்னது" என்று எழுது. உன் பேர் எப்படியும் பில்லில் இருக்கும்.

இது நான் கண்டுபிடித்த தத்துவமும் இல்லை. அதே மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்கிற அமெரிக்கர் இதைத்தான் கொள்கையாகவே வைத்திருந்தார். வேலையைச் செய்வது ஊர்க்காரன், நிபுணன் பக்கத்தில் நெருங்கி நின்று யோசனை சொல்ல வேண்டும், அவ்வளவே. தேனீ வளர்ப்பு, கோழி முட்டையைத் தரம் பிரித்துக் கூட்டுறவாக விற்பது என்று கைக்கெட்டிய வேலைகளாகத்தான் எடுத்தார். 1932இல் அந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் போட்டார். மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதன் வேர் அங்கேதான். நம்ம மாவட்டத்துக்கு வந்த முதல் கன்சல்டன்ட் என்று நான் அவரைத்தான் சொல்வேன். அவர் ஸ்லைடு போட்டதாகத் தெரியவில்லை.

இனி நேரம். வேலை நடக்கிற நேரத்துக்குப் போக வேண்டும். உனக்குத் தோதான நேரத்துக்கு இல்லை. தோவாளைப் பூச்சந்தையைப் பார்க்க வேண்டுமா, விடியுமுன் போ. பத்து மணிக்கு நோட்டோடு போய் நின்றால் நாரும் ஈரச்சாக்கும்தான் கிடக்கும். ரப்பர் பால்வெட்டுக்காரர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு இறங்கிவிடுவார். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நின்று ஒழுகும். மீன்பிடித் துறைமுகம், ஐஸ் பிளான்ட் பக்கம் கணக்குப் பார்க்கப் போனால் இன்னொரு விஷயம். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, அங்கே விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் ரெண்டு தடைக்காலம். இது தெரியாமல் "ஜூன் மாசம் விற்பனை ஏன் சரிந்தது?" என்று கேட்ட ஒரு எம்.பி.ஏ. பையனை அந்த ஐஸ் பிளான்ட் மானேஜர் பார்த்த பார்வையை நான் நேரில் பார்த்தேன்.

அதேபோல் உள்ளூர் விடுமுறை. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, அய்யா வைகுண்டர் பிறந்தநாள், நவம்பர் 1 மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள். சென்னையில் இருந்து பார்த்தால் காலண்டரில் இதெல்லாம் கறுப்பு எழுத்து. அன்றைக்கு மீட்டிங் வைத்தால் நீயும் வாட்ச்மேனும் மட்டும்தான்.

பிரயாணம். 2024 ஆகஸ்ட் 31 முதல் சென்னை எழும்பூருக்கும் நாகர்கோவிலுக்கும் வந்தே பாரத் ஓடுகிறது. காலை 5 மணிவாக்கில் எழும்பூரில் ஏறினால் மத்தியானச் சோறு வீட்டில். ஆனால் இங்கிருந்து திரும்பும் வண்டி எழும்பூர் சேர ராத்திரி 11 மணி ஆகும்; கூட்டிப் போக ஆள் இருந்தால் மட்டும் அதில் ஏறு, இல்லாவிட்டால் ராத்திரி கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் படுத்துத் தூங்கி விடியற்காலம் இறங்கு. புதன்கிழமை வந்தே பாரத் கிடையாது. முன்பதிவு இப்போது 60 நாளுக்குத்தான், பழைய 120 நாள் கணக்கில் இருந்துவிடாதே. விமானம் என்றால் நமக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம். கூகுள் ரெண்டு மணிக்கூர் என்று சொல்லும். வழியில் களியக்காவிளை நெரிசலும் பாலராமபுரம் நெரிசலும் கூகுள் சொல்வதைக் கேட்பதில்லை. ஒரு மணிக்கூர் முன்னதாகக் கிளம்பு.

பஸ்ஸில் போனில் தொழில் பேசாதே. இதைப் பெரிய எழுத்தில் எழுதி வை. நாகர்கோவில் - மார்த்தாண்டம் பஸ்ஸில் உன் பின் சீட்டில் இருப்பவர் உன் கிளையண்டின் சம்பந்தியாகவோ எதிர்க்கடைக்காரரின் கணக்கப்பிள்ளையாகவோ இருப்பார். இரண்டும் சேர்ந்தே இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஒரே தொழிலில் ரெண்டு பேருக்கு வேலை பார்க்க நேர்ந்தால் ரெண்டு பேரிடமும் முதலிலேயே சொல்லிவிடு. "அங்க எப்படி, நல்லா ஓடுகா?" என்று சாயா கொடுத்துக்கொண்டே கேட்பார்கள். சாயாவைக் குடி, பதில் சொல்லாதே.

முதல் சந்திப்பில் உன்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி உன் படிப்பைப் பற்றி இருக்காது. "எந்த ஊரு? யாருக்க பிள்ளை?" சிலருக்கு இது எரிச்சல். உள்ளே சாதி விசாரணையும் ஒளிந்திருக்கும், மறுக்கவில்லை. ஊரைச் சொல், தெருவைச் சொல், அப்பா பார்த்த வேலையைச் சொல், அதற்கு மேல் தோண்டினால் "மெஷினைப் பார்க்கலாமா அண்ணாச்சி?" என்று எழுந்துவிடு. நான் அப்படித்தான் செய்கிறேன். இதுவரை யாரும் கோபித்ததில்லை.

உடை விஷயத்தில் ஒன்றே ஒன்று. மெஷின் ஓடுகிற இடத்துக்குத் துப்பட்டாவும் விரித்த தலைமுடியும் ஆகாது. முன்பக்கம் மூடிய ஷூ. சேலைதான் வேண்டும் என்றால் ஆபீஸ் அறையோடு நின்றுகொள்.

லாட்ஜ். அறை எண்ணை ரிசப்ஷனில் சத்தமாகச் சொன்னால் வேறு அறை கேள். உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்த பிறகுதான் பையைக் கீழே வை. அறை எண்ணை எனக்கு வாட்ஸ்அப்பில் போடு, நான் தூங்கியிருந்தாலும் போடு.

சாப்பாட்டைப் பற்றி நான் சொல்வதைவிட நாஞ்சில் நாடனைப் படி. வீரநாராயணமங்கலத்தில் பிறந்து, பம்பாய்க்குப் போய், கம்பெனி விற்பனைக்காக நாடு முழுக்க அலைந்த மனுஷன். பையோடு திரிந்த அந்த வருஷங்கள் அவர் எழுத்தில் எங்கு தொட்டாலும் இருக்கும். 2010இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கினார். ஊர் ஊராய் அலைபவன் கண்ணையும் நாக்கையும் திறந்து வைத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அவரைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியாது. இன்னொரு பக்கம் ராம் சரண் என்று ஒருவர். உலகப் பெரிய கம்பெனித் தலைவர்களுக்கெல்லாம் ஆலோசகர். 67 வயது வரை சொந்த வீடே வாங்காமல் ஹோட்டல் ஹோட்டலாக வாழ்ந்தவர், துவைத்த துணிகூட கூரியரில்தான் வருமாம். பத்திரிகைகள் அதை வியந்து எழுதின. எனக்கு வியப்பு வரவில்லை, பாவமாக இருந்தது. மாசத்தில் பத்து ராத்திரிக்கு மேல் வெளியே தங்காதே. பையில் எப்போதும் முந்திரிக்கொத்து ஒரு டப்பா. வறுத்த சிறுபயறும் கருப்பட்டியும் எள்ளும், ஒரு வாரம் கெடாது. ராத்திரி பத்து மணிக்கு ஒரு கடையும் திறந்திராத ஊரில் அதுதான் உனக்குச் சோறு.

கடைசியாகத் துட்டு. என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு, பயணச் செலவு யாருடையது என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் பை தூக்காதே. மூன்றில் ஒரு பங்கு முன்பணம். குறு, சிறு தொழிலுக்கான உத்யம் பதிவை இன்றைக்கே செய், காசு கிடையாது. நடுவில் ஏஜென்ட் கேட்டால் கொடுக்காதே. பதிவு செய்த குறுந்தொழில், சிறுதொழிலுக்கு 2006ஆம் வருஷச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் வந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதம்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. நான் ஒருமுறைகூட அந்த வட்டியைக் கேட்டதில்லை. ஆனால் பில்லின் அடியில் அந்த ஒரு வரியை அச்சடித்த பிறகு காசோலை சீக்கிரம் வருகிறது. வரவு வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு, 18 சதவீதம். பெரிய கம்பெனிகள் உன் கட்டணத்தில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள், பிடித்தது உன் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று மூன்று மாசத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்.

சொந்தக்காரர் கடைக்கு ஓசியில் யோசனை சொல்லப் போகாதே. நான் போனேன். பெரியப்பா வழியில் ஒருவர், ஜவுளிக்கடை. கல்லாவில் மச்சானை உட்கார வைக்காதீங்க என்று மட்டும்தான் சொன்னேன். மூன்று வருஷமாயிற்று, கல்யாண வீட்டுப் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்தாலும் முகம் பார்ப்பதில்லை. மச்சான் இன்னும் கல்லாவில்தான் இருக்கிறார்.