சிலம்பப் பயிற்சியும் உபாசகர் ஒழுக்கமும்

பஞ்சசீலம் ஏற்ற குடும்பத்துப் பிள்ளைகள் சிலம்பம் பயிலலாகுமா என்று உபாசகர் சிலர் நம்மை வினவியுள்ளனர். கொல்லாமையை முதற்சீலமாக மேற்கொண்டோர் வீட்டு மூலையில் கம்பு சார்த்தியிருப்பது முறையோ என்பதே அவர்தம் ஐயம். நியாயமான ஐயந்தான். இளமையில் அக்கலையைச் சில ஆண்டுகள் பயின்றுள்ளோமாதலின், நாமறிந்த அளவில் விடை கூறுவோம்.

முதலில் நூல்நெறியை நோக்குவோம். உபாசகன் செய்யத் தகாத வாணிபங்கள் ஐந்தென்று அங்குத்தர நிகாயம் கூறுகிறது. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகியவற்றை விற்பதே அவை. தற்காப்புப் பயிற்சி அவற்றுள் அடங்கவில்லை. வைசாலி நகரத்துச் சேனாபதி சீகன் பகவரைச் சரணடைந்த வரலாறு விநயபிடகத்தில் உள்ளது. அவன் சேனாபதிப் பதவியைத் துறந்தாக வேண்டுமென்று பகவர் பணித்ததாக அங்கே குறிப்பில்லை. வினைக்கு மூலம் எண்ணமே என்று போதித்தவர் அவர். ஆகவே கம்பைப் பற்றிய கையைக் காட்டிலும் அக்கையை ஏவும் சித்தத்தையே நாம் ஆராய வேண்டும்.

நாம் பெங்களூரில் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்பொன்றில் வளர்ந்தோம். 1984ஆம் ஆண்டில், நமக்குப் பதினான்கு வயதாகும்போது, சிலம்பக் கூடத்தில் சேர்ந்தோம். வாத்தியார் பகலெல்லாம் மரக்கடையில் சுமை தூக்குவார். இரவில் தெருவிளக்கின் கீழ்ப் பாடம் சொல்லுவார். கம்பு கிடைக்குமென்று ஆவலோடு சென்ற நமக்கு மூன்று திங்கள் வரை வெறும் காலடி வரிசைதான். அதிலும் முதற்பாடம், எதிரியின் கம்பு எட்டாத தூரத்திற்குப் பின்வாங்கி நிற்பது. அடிக்கக் கற்க வந்தவனுக்கு விலகக் கற்பிக்கிறாரே என்று சிறுவர் முணுமுணுத்ததுண்டு. எந்தக் கால் எங்கே ஊன்றுகிறதென்று மனம் அறிந்தபடியே இருக்க வேண்டும். கண் அங்குமிங்கும் ஓடினால் வரிசை குலையும். நிறைந்த எண்ணெய்க் கிண்ணத்தைத் தலையில் ஏந்திக் கூட்டத்தினூடே சொட்டும் சிந்தாமல் நடக்கும் மனிதனைப் பகவர் உவமையாகக் கூறியிருக்கிறார். பிற்காலத்தில் அதனைப் படித்தபோது, நமக்கு அது புதிதாகத் தோன்றவில்லை.

கம்பு கைக்கு வந்த பின்னர் பிடியே பெரும்பாடு. இறுக்கிப் பிடித்தால் வீச்சு சுழலாது. தளர்த்தினால் எதிரி தட்டியவுடன் கம்பு பறந்துபோம். பாதங்களில் குருதி வழியும்வரை நடைத்தியானம் செய்து சோர்ந்த சோணர் என்னும் பிக்குவுக்கு, வீணை நரம்பை அளவறிந்து கட்டும் முறையைப் பகவர் நினைவூட்டினார். பஞ்சாலையில் ரிங் பிரேமில் அறுந்த இழையைப் பிணைக்கும் வேலைக்கு நாம் சென்றபோதும் இந்த அளவறிவே கைகொடுத்தது.

கூடத்தில் ஒரு விதி இருந்தது. கோபத்தோடு வருபவனுக்கு அன்று கம்பு கிடையாது. அவன் தரையைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டு மற்றவர் ஆடுவதைப் பார்த்திருக்க வேண்டும். இவ்விதி இல்லாத கூடத்திற்கு எவரும் தம் பிள்ளையை அனுப்பலாகாது என்பது நமது துணிபு.

பலமில்லாதவன் அடிபட்டுக்கொண்டு நிற்பதை அகிம்சை என்பாரும் உளர். மகாடில் நிகழ்ந்ததை அன்னவர் எண்ணிப் பார்ப்பாராக. 1927 மார்ச் 20ஆம் நாள் சவுதார் குளத்து நீரைப் பருகிய நம் மக்களைச் சாதி இந்துக்கள் தடிகளால் தாக்கினர். நம்மவருள் படையிற் பணியாற்றி ஓய்வு பெற்றோர் பலர் இருந்தனர். திருப்பித் தாக்க அவர்களுக்குப் பயிற்சியும் இருந்தது, சினமும் இருந்தது. பாபாசாகேப் அம்பேத்கர் அவர்களைத் தடுத்து நிறுத்தினார். தாக்கியவருள் சிலரைப் பின்னர் நீதிமன்றம் தண்டித்தது. அடிக்கத் தெரிந்தவர்கள் அடிக்காமல் நின்றனர். அதனாலேயே அதனை அடக்கமென்று கூறுகிறோம்.

1994இல், நாம் வேலை பார்த்த ஓர் ஆலையில், மேற்பார்வையாளர் ஒருவர் பலர் முன்னிலையில் நம்மைச் சாதிப்பெயரிட்டு இழிவாகப் பேசினார். நம் கைகள் தாமே கம்புப் பிடிக்கு வளைந்தன. அக்கணத்தில் கால் ஓரடி பின்வாங்கியது. பழக்கத்தால் வாங்கியதேயன்றி அறிவால் அன்று. அந்த ஓரடி இடைவெளியில் மனம் தெளிந்தது. அன்று மாலையே, கேட்டிருந்தோர் அறுவரிடம் கையொப்பம் பெற்று நிர்வாகத்திற்கு எழுதினோம். பலர் காணச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் அதிற் குறித்தோம். அவர் அதே இடத்தில், எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார். கையோங்கியிருந்தால் நாம் வேலையை இழந்திருப்போம். அவர் செய்த குற்றமும் நம் குற்றத்தில் மறைந்திருக்கும்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. மகிழ்ச்சியே. மேடையில் தீப்பந்தம் சுழற்றிக் கைத்தட்டல் பெறுவதையும் நாம் குறைகூறோம். எனினும் அது வேறு, காலடி வரிசை வேறு.

ஆகவே, ஐயமுற்ற உபாசகர்கள் தம் பிள்ளைகளைத் தாராளமாக அனுப்பலாம். பெண் மக்களையும் அவசியம் அனுப்புக. கம்பு பயில்பவரின் நெற்றியளவு உயரமிருந்தால் போதும். கம்பு வாங்குமுன் வாத்தியாரின் குணத்தை அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்க.