அடிமேல் அடி வைத்தால்

நம் உடலில் இரவும் பகலும் ஓயாது உழைக்கும் உறுப்பு இதயம். மூடிய கையளவே உள்ள அது, நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 1,00,000 முறை துடிக்கிறது. அத்தகைய இதயம் நோயுற்றால் மனிதனுக்குப் படுக்கைதான் கதியா? இக்கேள்வி எங்கள் வகுப்பில் ஒரு நாள் எழுந்தது.

எழுந்த காரணத்தையும் கூறிவிடுகிறோம். எங்கள் தோழி ஒருத்தி பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவள். அவளுடைய தந்தைக்குச் சென்ற ஆண்டு கடுமையான மாரடைப்பு வந்தது. சென்னையில் சிகிச்சை பெற்று உயிர் பிழைத்தார். வீடு திரும்பியதும், அன்பின் மிகுதியால், வீட்டார் அவரைக் கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை. சட்டை மாட்டிவிடுவதும் பிறர் கையே. ஒரு மாதத்தில், வாசல் வரை நடப்பதற்கே அவர் கால்கள் நடுங்கின. அந்த ஏரியில் எந்த நாளில் யார் எங்கே வலையிடுவது என்பதைப் ‘பாடு’ என்னும் முறையால் வகுத்துள்ளனர். “இனி எனக்கு ஏது பாடு?” என்று அவர் கண் கலங்கினாராம்.

அறிவியல் பாடம் நடத்தும் அருட்சகோதரியிடம் இதைக் கூறினோம். “அவரைத் தளர்த்தியது இதயம் மட்டுமன்று, படுக்கையும்தான்” என்று கூறி, அவர் பின்வருமாறு விளக்கினார்.

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபட்டு, தசையின் ஒரு பகுதி அழிவதே மாரடைப்பு. அப்பகுதி சில வாரங்களில் தழும்பாக ஆறுகிறது. முற்காலத்தில் அதுவரை நோயாளியை அசையாமல் படுக்க வைத்தனர். 1952இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் லெவின், லவுன் என்னும் மருத்துவர்கள், 81 நோயாளிகளை முதல் வாரத்திலேயே நாற்காலியில் அமரச் செய்து, அதனால் தீங்கில்லை என்று அறிவித்தனர். 1966இல் டல்லாஸ் நகரில் நல்ல உடல்நலமுள்ள 20 வயது இளைஞர் ஐவரை 3 வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்து ஆராய்ந்தனர். அவர்களின் உழைக்கும் திறனில் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது! பயிற்சி செய்த பின்னரே அது மீண்டது. நோயில்லாத இளைஞர்க்கே இப்படியென்றால், நோயுற்றவர் நிலை என்ன?

ஆகவேதான் மாரடைப்புக்குப் பின் மறுவாழ்வுப் பயிற்சி இன்றியமையாதது. மருத்துவரின் அனுமதி பெற்று, முதலில் சமதரையில் சில நிமிடங்கள் நடக்க வேண்டும். சில நாட்களுக்கு ஒருமுறை சிறிது கூட்ட வேண்டும். நடக்கும்போது தடையின்றிப் பேச முடிந்தால் வேகம் சரி. பேச்சுத் திணறினால் வேகம் அதிகம். உணவு உண்டவுடனும் உச்சி வெயிலிலும் நடத்தல் கூடாது. மூச்சை அடக்கிப் படகைத் தள்ளினால் இரத்த அழுத்தம் திடீரென ஏறும். அதைத் தவிர்க்க வேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். வலி தணியாவிட்டால் 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். நலமாயிற்று என்று எண்ணி மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. பீடியை அறவே விட வேண்டும். உப்பு மிகுந்த கருவாட்டை ஒதுக்கி, ஏரியில் கிடைக்கும் மடவை போன்ற புது மீனைக் குழம்பு வைத்து உண்ணலாம்.

தோழி இவற்றை எழுதிக்கொண்டு போனாள். மருத்துவரிடம் காட்டிய பின், தந்தையும் மகளும் மாலைதோறும் நடக்கத் தொடங்கினர். முதல் நாள் பக்கத்து வீடு வரை. அடுத்த வாரம் தெருமுனை வரை. இரண்டு மாதத்தில் படகுத்துறை வரை. வீட்டார்க்குத்தான் அச்சம். “வேண்டாம், உட்காருங்கள்” என்று அவள் தாய் அழுதார்களாம். ஆனால் அவரே தண்ணீர் மொண்டு குளித்து, கிழிந்த வலையை எடுத்துச் சரிசெய்ய அமர்ந்த நாளில், அந்தத் தாயும் சிரித்தார்கள். கனமான வலை இழுக்க மருத்துவர் இன்னும் அனுமதி தரவில்லை. ஆயினும் தம்பியுடன் படகில் சென்று, இறால் பிரித்துக் கொடுத்துத் திரும்புகிறார்.

நோயுற்றவரிடம் அன்பு காட்டுவது நம் கடமை. அவர் வேலையையெல்லாம் நாமே செய்வது மட்டுமே அன்பாகாது. அவர் தாமே செய்யும் வரை அருகில் நிற்பதும் அன்புதான். நாம் அவர் கையைப் பிடிக்கலாம், காலைக் கட்டலாகாது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். தளர்ந்த இதயமும் அப்படித்தான் தேறும் என்பதை நாங்கள் கண்ணாரக் கண்டோம்.